4 அடித் தொட்டிக்கு முதிரை ஸ்டாண்ட்: மூன்று மாரிக்குப் பிறகு

மீன்தொட்டிக்கு ஸ்டாண்ட் அடிக்க என்ன மரம் நல்லது என்று கேட்டால் எந்த ஓடாவியும் முதிரையைத்தான் சொல்வார். பலத்தில் குறையே இல்லை. ஆனாலும் மட்டக்களப்பு கல்லடியில் மூன்று மாரி கண்ட இந்த ஸ்டாண்டின் பின்பக்க மேல்சட்டத்தைப் போன கிழமை கழற்றி மாற்ற வேண்டியதாயிற்று.

4 × 1½ × 1½ அடித் தொட்டி விளிம்புவரை 255 லீற்றர் பிடிக்கும். 10 மில்லிமீற்றர் கண்ணாடி 50 கிலோவுக்கு மேல். மணலும் கல்லும் சேர 330 கிலோ வரை போகும். 3×2 அங்குலச் சட்டமும் 3×3 அங்குலக் கால்கள் ஆறும் அதை அலுங்காமல் தாங்கின. கால்களின் தலையில் மேல்சட்டம் நேரே உட்காருவதால் ஸ்க்ரூவில் பாரம் இல்லை.

கோபமெல்லாம் ஈரத்தின் மேல். மரக்காலையில் “நல்லாக் காஞ்ச மரம்” என்று தந்தார்கள். மேல்தோல்தான் காய்ந்திருந்தது, உள்ளே பச்சை. வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் சட்டம் காய்ந்து முறுகி, இடப்பக்கப் பின்மூலை ஒரு நூல், அதாவது மூன்று மில்லிமீற்றர், உயர்ந்துவிட்டது. அடியில் விரிக்கும் 10 மில்லிமீற்றர் ரெஜிபோம் ஒரு மில்லிமீற்றர் மேடுபள்ளத்தைச் சமாளிக்கும், மூன்றைச் சமாளிக்காது. உயர்ந்த மூலையில் அது கடதாசிபோல நசுங்கிக் கிடந்தது. எதிர்மூலையில் தொட்டிக்கும் சட்டத்துக்கும் இடையே தீப்பெட்டி அட்டை தடையில்லாமல் நுழைந்தது. அந்தப் பக்கச் சிலிக்கன் ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் அடிக்கண்ணாடியே வெடித்திருக்கலாம்.

வாங்கும் முன் சோதிக்க வழி இருக்கிறது. நுனி முதலில் காய்ந்துவிடும் என்பதால், ஓர் அடி உள்ளே தள்ளி 6 அங்குலத் துண்டு அறுத்து சமையல் தராசில் நிறுங்கள். நிழலில் வைத்து மூன்று கிழமை கழித்து மறுபடி நிறுங்கள். 500 கிராம் 450க்கு இறங்கினால் மிச்ச மரமும் பச்சைதான். அதை வெயிலில் போடாதீர்கள், வெடிக்கும். நுனிகளுக்குப் பெயின்ற் பூசி, மரங்களுக்கு இடையே ஒன்றரை அடிக்கு ஒரு குச்சி வைத்து, காற்றோட்டமான நிழலில் ஒரு கச்சான் காலம் முழுக்க அடுக்கி வையுங்கள்.

முதிரையில் துளை போடாமல் ஸ்க்ரூ ஏற்றினால் ஒன்று தலை முறியும், இல்லையென்றால் மரம் பிளக்கும். 5 மில்லிமீற்றர் ஸ்க்ரூவுக்கு 4 மில்லிமீற்றர் துளை சரி. துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூவே வேண்டும்; கடலுக்கும் வாவிக்கும் நடுவில் மற்றவை நிலைக்காது.

தேக்கு இவ்வளவு முறுகாது. வேம்பைக் கறையான் சட்டென்று தொடாது, வெடிப்பு அதிகம். ரப்பர் மரமும், மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகையும் தண்ணீர் சிந்தும் இடத்துக்கு ஆகாது.

பலத்துக்கு முதிரைக்கு முழுப் புள்ளி. ஆனால் புது முதிரை வாங்கச் சொல்ல மனம் வரவில்லை. பழைய வீடு பிரிக்கும் இடத்தில் தேக்குச் சட்டம் கிடைத்தால் அதை எடுங்கள். பல வருடம் கூரைக்குள் இருந்து காய்ந்த மரம். இழைப்புளி போடும் முன் காந்தத்தை ஓட்டி, உள்ளே முறிந்த ஆணி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.