புது பேட்டரி, அதே பழைய ‘டக்’: ஒம்பது வருசம் ஓட்டுனவன் சொல்றேன்

தேவகோட்டை மச்சான் நேத்து ராத்திரி ஒரு போட்டோ அனுப்பிச்சு, "மாப்ள, ஒங்க வண்டி மாதிரியே ஒண்ணு வெலைக்கு வருது, முன்னைக்கு இப்ப நல்லா எறங்கிருச்சு, வாங்கலாமா"ன்னு கேட்டாரு. மூணு மாசத்துக்கு முன்னாடி கேட்டுருந்தா கண்ண மூடிக்கிட்டு வாங்குங்கன்னு சொல்லிருப்பேன். இப்பக் கேட்டாரு, அது அவரு நேரம்.

கம்பெனி பேரு சொல்லல. சொன்னா அதுக்குன்னு ஒரு கோஷ்டி கெளம்பி வரும். சின்ன டீசல் வண்டி, அவ்வளவுதான், மத்ததெல்லாம் ஒங்களுக்கே தெரியும். 1,32,000 கிலோமீட்டர் ஓடிருக்கு, கிளட்ச் ஒரு தடவ, டயர் ரெண்டு செட்டு, எஞ்சின்ல இன்னிக்கு வரைக்கும் கை வைக்கல. சித்திரை வெயில்ல ஏசி போட்டு பள்ளத்தூர்லேருந்து மதுரை போயிட்டு வந்தாலும் லிட்டருக்கு 20க்கு கொறையாது. குன்றக்குடி பங்குனி உத்திரக் கூட்டத்துல முதல் கியர்லயே ஒரு மணி நேரம் ஊர்ந்துருக்கு, சூட்டு முள்ளு அசையல. இதெல்லாம் இல்லன்னு சொல்ல மாட்டேன்.

ஆனா ஒரு ஒயரு. முழங்கை நீளங்கூட இல்லாத ஒரு ஒயரு என்னைய மூணு மாசம் நாயா அலைய விட்டுச்சு, அதத்தான் சொல்ல வந்தேன்.

பழைய பேட்டரி நாலு வருசம் ஒழைச்சுட்டு கார்த்திகைல செத்துப்போச்சு, அதுல வருத்தமில்ல. 5,400 குடுத்து புதுசு போட்டேன். நாலாம் நாள் விடியக்காலம் தங்கச்சிய பல்லவன் ரயில்ல ஏத்தி விடணும், பெட்டி, பை, சீப்புச்சீடை டப்பா, மணகோலம் டப்பா எல்லாம் ஏத்தியாச்சு, சாவியத் திருப்புறேன், டக். திரும்பவும் டக். ஹெட்லைட்டு எதுத்த வீட்டு முகப்புத் தூணு வரைக்கும் பளிச்சுனு அடிக்குது, ஹார்ன் அடிச்சா தெருவே எந்திரிக்குது, வைப்பர் ஓடுது, செல்ஃப் (எஞ்சினச் சுத்தி விடுற மோட்டாரு) மட்டும் ஒரே ஒரு டக்கு. பால்காரரு, நான், தங்கச்சி மூணு பேருமா தள்ளி ரெண்டாவது கியர்ல விட்டதும் ஒண்ணுமே நடக்காத மாதிரி பிடிச்சுக்குச்சு. ரயிலப் பிடிச்சுட்டோம், ஆனா தங்கச்சி வழிநெடுக ஒண்ணும் பேசல.

அதுக்கப்பறம் ஆரம்பிச்சுது. பேட்டரிக் கடைல லோடு மெஷின் வச்சுப் பாத்துட்டு "பேட்டரி கல்லு மாதிரி இருக்குண்ணே, செல்ஃபப் பாருங்க"ன்னாங்க. ஆட்டோ எலக்ட்ரீசியன் செல்ஃப எறக்கி கார்பன் பிரஷ்ஷு, புஷ்ஷு மாத்தி 1,900 வாங்குனாரு, பத்து நாள் சமத்தா இருந்துச்சு, பதினோராம் நாள் டக். ஒருத்தரு எலி கடிச்சுருக்கும்னாரு (எங்க ஊர்ல வண்டில எதுன்னாலும் மொதப் பழி எலிக்குத்தான்). ஒர்க்‌ஷாப்ல கம்ப்யூட்டர மாட்டிப் பாத்துட்டு எரர் ஒண்ணும் வரல சார், முழு செல்ஃபும் மாத்திப் பாக்கலாம், 14,500 ஆகும், அதுலயும் சரியாகலேன்னா ஒயரிங்க மாத்திப் பாக்கலாம்னாங்க. பாக்கலாம் பாக்கலாம்னா, யாரு காசுல பாக்குறது? கோவத்துல வண்டிய எடுத்துக்கிட்டு வந்துட்டேன், அதுவும் அவங்களே தள்ளி விட்டுத்தான்.

பெரிய கூத்து என்னன்னா அடுத்த தடவ நின்ன எடம். காரைக்குடி காலேஜ் ரோட்ல மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்து வாசலுக்குப் பக்கத்துல டீ குடிக்க நிறுத்துனேன், கெளம்ப மாட்டேங்குது. அழகப்பச் செட்டியாரு 300 ஏக்கர் நெலமும் 15 லட்சமும் தூக்கிக் குடுத்து, 1948ல நேரு வந்து அடிக்கல் நாட்டி, 1953ல தெறந்த எடம், உள்ள அவங்களுக்கு அன்னாட வேலையே பேட்டரியும் துருவுந்தான். அந்தச் சொவத்துக்கு வெளிய துருப்பிடிச்ச ஒயரால என் வண்டி நிக்குது, துருன்னு அப்ப எனக்குத் தெரியாது, தெரிஞ்சிருந்தா சிரிச்சிருப்பேனோ என்னமோ.

அன்னிக்கு டீக்கடைல டிராக்டர் வேலை பாக்குற பெரியவரு ஒருத்தரு, நான் பொலம்புறதக் கேட்டுட்டு, "நின்ன வண்டில மீட்டர வச்சா எல்லாம் நல்லாத்தான் தம்பி காட்டும், செல்ஃப் இழுக்கும்போது வச்சுப் பாத்தியளா"ன்னாக. பாக்கல. யாருமே பாக்கல. 450 ரூபாக்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்கிட்டு வீட்டுக்கு வந்து, அண்ணன் மகன சாவியத் திருப்பச் சொல்லிட்டு பானெட்டத் தெறந்து ஒக்காந்தேன்.

சும்மா இருக்கும்போது பேட்டரி 12.6. சரி, ஃபுல்லு. திருப்பச் சொன்னேன், டக்குங்குது, மீட்டர் 11.9. இங்கதான் நான் மூணு மாசமா ஏமாந்தேன். பேட்டரி சரியில்லன்னா செல்ஃப் அடிக்கும்போது வோல்ட்டு தடால்னு ஒம்பதுக்கும் கீழ விழணும். விழலைன்னா பேட்டரி நல்லாருக்குன்னு மட்டும் அர்த்தமில்ல, அதுலேருந்து வேணுங்கற கரண்ட்டு வெளியவே போகலேன்னும் அர்த்தம். அடுத்து மீட்டரோட கறுப்பு முனைய பேட்டரி நெகட்டிவ் முளைல வச்சு, சிவப்ப எஞ்சின் இரும்புல அழுத்திப் பிடிச்சுக்கிட்டு திருப்பச் சொன்னேன். 5.8! ரெண்டும் ஒரே எர்த்துதானே (கரண்ட்டு பேட்டரிக்குத் திரும்பி வர்ற வழி), அரை வோல்ட்டுக்கு மேல காட்டவே கூடாது. சிவப்ப பாடில வச்சா 0.1 கூட இல்ல. அப்ப பேட்டரிலேருந்து பாடிக்கு வர்ற ஒயரு சுத்தம், பாடிலேருந்து கியர்பாக்ஸுக்குப் போற எர்த் பட்டைல (கம்பி பின்னுன பட்டை, மொதல்ல சொன்னேனே அந்த ஒயரு) வெனை. பேட்டரி வச்சுருக்க பன்னெண்டுல பாதிய அந்தப் பட்டையே தின்னுருது, மிச்சத்துல செல்ஃபால டக்குனு சொல்ல மட்டுந்தான் முடியும்.

ஹெட்லைட்டு ஏன் எரியுதுன்னு கேப்பிய. லைட்டோட எர்த்து பாடிலயே முடிஞ்சுருது, இந்தப் பட்டை பக்கமே அது வராது. அப்படியே வந்தாலும் ரெண்டு லைட்டும் சேந்து பத்து ஆம்பியர் இழுக்கும், செல்ஃபு நூறு நூத்தம்பதுன்னு இழுக்கும். பட்டைல 0.04 ஓம் (கரண்ட்டத் தடுக்குற அளவு) ஏறிருந்தாலே 150 ஆம்பியருக்கு ஆறு வோல்ட்டு காலி. மீட்டர ஓம்ல வச்சுப் பாத்தா அந்த 0.04 தெரியவே தெரியாது, ஒயரு நல்லாருக்குன்னு பீப் அடிக்கும். எலக்ட்ரீசியன் பீப் சத்தத்த நம்பிட்டாரு, அவர மட்டும் குத்தஞ்சொல்லி என்ன. செல்ஃப எறக்கி ஏத்தும்போது அந்தப் பட்டை லேசா அசைஞ்சு ஒக்காந்துருக்கும், அதான் பத்து நாள் சமத்து.

சந்தேகமே வேணாம்னு ஜம்ப்பர் கேபிள் ஒண்ண பேட்டரி நெகட்டிவ்லேருந்து நேரா எஞ்சின்ல கவ்வ விட்டேன். அரைச் சுத்து. அரைச் சுத்துல பிடிச்சுக்குச்சு. அப்ப மீட்டர் 10.4 வரைக்கும் எறங்கிட்டு ஏறுச்சு, ஓடும்போது 14.2, சார்ஜ் ஏத்துற டைனமோவும் சரி. மூணு மாசமா சாவியத் திருப்பும்போதெல்லாம் கோவில் கதவு சாத்துற மாதிரி டக்குனு கேட்டவனுக்கு அந்தச் சத்தம் எப்படி இருந்துச்சுன்னு எழுதத் தெரியல, அண்ணன் மகன் விசிலடிச்சான்.

பட்டையக் கழட்டுறது அடுத்த கொடுமை. பேட்டரியத் தூக்கி, அதோட தட்டக் கழட்டி, ஏர் ஃபில்டர் பெட்டிய ஒதுக்கி, கைய மணிக்கட்டு வரைக்கும் உள்ள விட்டு பாக்காமலே 10ம் நம்பர் ஸ்பேனர் போடணும். இத அங்க வச்சவன் பள்ளத்தூர் பக்கம் வந்தா சாப்பாடு போட்டுட்டுத் திட்டுவேன். வெளிய எடுத்தா பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, பின்னல் ஒரு எழை அறுகல. மடக்குனேன், லக்கு (போல்ட்டு மாட்டுற முனை) பக்கத்துலேருந்து பச்சப் பொடியா திண்ணைல கொட்டுச்சு. அப்பத்தா குனிஞ்சு பாத்துட்டு "பித்தளை அண்டாவுல வர்ற களிம்புல்ல இது, புளி போட்டு வெளக்கிருக்கலாம்ல"ன்னாக. புளி போட்டா மிச்சமும் போயிருக்கும், ஆனா சீக்க மூணு பேர விட சீக்கிரமா கண்டுபிடிச்சது அவுகதான்.

புதுப் பட்டை 280 ரூபா. ரெண்டு பக்கமும் இரும்ப உப்புத்தாள் போட்டு பளபளன்னு தேச்சு, முறுக்கி, மேல வாசலின் தடவி விட்டேன். செல்ஃப் அடிக்கும்போது இப்ப 0.15.

அதனால மச்சான், எஞ்சின் தங்கம், மைலேஜ் தங்கம், வாங்காதிய. ஒங்களுக்கு கோவம் எனக்கு மேல வரும், அந்த ஸ்பேனர் போடுற எடத்துல நீங்க வண்டியவே கொளுத்திருவிய. இவ்வளவு சொன்னப்பறமும் ஞாயித்துக்கெழம போய்ப் பாக்கத்தான் போறிய, எனக்குத் தெரியும், அப்பப் போகும்போது என்னையும் கூப்புடுங்க, மீட்டர் கொண்டாறேன். செல்ஃப் அடிக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல காட்டுச்சுன்னா செல்ஃப் போச்சுங்க, 15,000 செலவு வரும்னு சொல்லி வெலையக் கொறச்சுப் பேசுவோம், 280 ரூபா கதைய அங்க வாயத் தெறக்காதிய.