மேல்முத்திரை நாணயமா, பெயர் பொறித்த மெடலா?

கையில் இருந்த காசுக்கு இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும். ஒன்று, 1797இல் பேங்க் ஆஃப் இங்கிலாந்து வெளியிட்ட மேல்முத்திரை டாலர். இன்னொன்று, முதல் உலகப் போருக்குக் கொடுத்த பிரிட்டிஷ் வார் மெடல். விளிம்பில் 88ஆம் கர்நாடிக் காலாட்படைச் சிப்பாய் ஒருவரின் பெயர் இருந்தது. மெடலைத்தான் வாங்கினேன்.

அழகு என்று பார்த்தால் டாலர்தான். (சங்க காலத்து முத்திரை நாணயத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது ஏற்கெனவே புழங்கிய காசின் மேல் வேறொருவர் குத்திய முத்திரை.) வெள்ளித் தட்டுப்பாடு வந்தபோது ஸ்பானிஷ் டாலரை எடுத்து, ஸ்பெயின் மன்னரின் கழுத்தில் மூன்றாம் ஜார்ஜின் தலையைச் சின்ன முட்டை வடிவத்தில் குத்தி, 4 ஷில்லிங் 9 பென்ஸுக்குப் புழக்கத்தில் விட்டார்கள். கழுதையின் கழுத்தில் முட்டாளின் தலை என்று லண்டன்காரர்களே கேலி செய்தார்களாம். இப்படி ஒரு கதையைச் சுமக்கிற காசு யாருக்குத்தான் பிடிக்காது?

சிக்கல் போலியில். மேல்முத்திரைப் போலிக்கு வேண்டியது ஒரு அச்சும் சுத்தியலும்தான். அடியில் இருக்கிற டாலர் அசல், எடை சரி, வெள்ளியும் சரி. குத்து மட்டும் நேற்றையது. தராசில் வைத்தாலும் உரைகல்லில் தேய்த்தாலும் ஒன்றும் தெரியாது. குத்துக்கு நேர் பின்புறம் தட்டையாக இருக்கிறதா, முத்திரையும் காசும் பொருத்தமாகத் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்க்கலாம். இரண்டுக்கும் பழகிய கண் வேண்டும். எனக்கு இன்னும் அது வாய்க்கவில்லை. போலி அந்தக் காலத்திலேயே பெருகியதால் 1804இல் முத்திரையை எண்கோணமாக மாற்றினார்கள். அதையும் போலி செய்தார்கள். கடைசியில் பர்மிங்காம் தொழிலதிபர் போல்டனின் சோஹோ நாணய ஆலையில் டாலர் முழுவதையும் புது அச்சில் அடிக்க வேண்டியதாயிற்று. வங்கிக்கே அந்தப் பாடு என்றால் நான் எந்த மூலைக்கு?

மெடலில் நிலைமை தலைகீழ். வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் விளிம்பில் அழுத்தப்பட்டிருக்கும். அதில் வேறு பெயரைப் போட வேண்டுமானால் முதலில் பழைய பெயரை அரம் போட்டு எடுக்க வேண்டும். எடுத்தால் வட்டம் சுருங்கும். அசல் விட்டம் 36 மில்லிமீட்டர். வெர்னியர் காலிப்பரை நாலு திசையில் வைத்துப் பார்த்தால் போதும். ஓரிடத்தில் குறைந்தாலே சந்தேகப்படலாம். முழுவதுமாக வார்த்த நகல்களும் வருகின்றன, ஆனால் அவற்றின் எழுத்து பெரும்பாலும் மழுங்கியிருக்கும். டாலரில் திருட்டு மேலே ஏறி உட்காருகிறது, மெடலில் திருட்டு எதையாவது தின்றுவிட்டுத்தான் போக முடியும். எனக்கு இந்த ஒரு வித்தியாசமே போதுமானதாக இருந்தது.

விற்கும்போதும் இதே கதைதான். மேல்முத்திரைக் காசை நீட்டினால் வாங்குபவர் முதலில் சந்தேகப்படுவார். நானே ஒரு கண்காட்சியில் வாங்கிய ஒன்றை இன்றுவரை யார் தலையிலும் கட்ட முடியவில்லை. மெடலுக்கு வெள்ளி விலை அடித்தளம், படைப்பிரிவின் பெயர் அதற்கு மேல். வாலாஜாபாத் பெயரைத் தாங்கிய 83ஆம் படை, மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை என்றால் நம் ஊர்ப் பக்கம் நின்று கேட்கிறார்கள். தொழிலாளர் படைக்கு வெண்கலத்தில் கொடுத்தது இன்னும் அரிது.

டோக்கன் பக்கம் எனக்கு அனுபவம் குறைவு. கொழும்புக் காப்பி ஆலைகள் கூலியாகக் கொடுத்த உலோக வில்லைகளான டோக்கன்கள் மட்டும் கொஞ்சம் பார்த்திருக்கிறேன். ஆலையின் பெயர் அதிலேயே இருப்பதால் அடையாளம் காண்பது சுலபம். பழையவற்றில் 4½ பென்ஸ் என்றும், 1872இல் ரூபாய்-சதக் கணக்கு வந்த பிறகு 19 சதம் என்றும் இருக்கும். 4½ பென்ஸுக்குச் சமமான 18¾ சதத்தை முழு எண்ணுக்கு மேலே தள்ளி வந்த கணக்கு அது. பட்ஜெட் குறைவு என்றால் அங்கேயே தொடங்கலாம்.

மெடலில் ஒரு குறையும் உண்டு. பல சிப்பாய்களுக்கு ஒற்றைப் பெயர்தான். அதையும் ஆங்கிலக் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் தேடலாம். என்னுடையவர் அதில் இல்லை. ஊருக்குத் திரும்பிவிட்டார் போல.