முதுகுவலிக்காரி பார்த்த நாலு கார்கள்

என் இடுப்பில் நாலாவது எலும்புக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது. வருடக்கணக்கில் மணையில் உட்கார்ந்து தேன்குழல் பிழிந்ததற்குக் கிடைத்த கூலி. பலகாரத் தொழிலை விட முடியாது. டின்களை ஏற்றிக்கொண்டு மாதம் நாலு தடவை நானே மதுரைக்கு ஓட்டிப் போவதையும் விட முடியாது. பள்ளத்தூரில் கிளம்பி காரைக்குடி, குன்றக்குடி, திருப்பத்தூர், மேலூர் என்று போக நூறு கிலோமீட்டர், வர நூறு. மாற்ற முடிந்தது காரை மட்டும்தான்.

பழைய கார் தாழ்வானது. பெயர் வேண்டாம், தப்பு அதன் மேல் இல்லை. மதுரையில் இறங்கும்போது கதவைப் பிடித்து, ஒரு காலை வெளியே ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு எழுவேன். ஓட்டும்போது வந்த வலியை விட அந்த ஒரு எழுதல்தான் கொடுமை. அதனால் கார் பார்க்கப் போனபோது மைலேஜையோ திரையின் அளவையோ முதலில் கேட்கவில்லை. சீட் எவ்வளவு உயரம் என்றுதான் கேட்டேன். விற்பனைப் பையன் முழித்தான்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். திண்ணையில் உட்கார்ந்து எழுவதும் மணையில் உட்கார்ந்து எழுவதும் ஒன்றா? திண்ணையில் அப்படியே பின்பக்கமாக உட்கார்ந்து, இரண்டு காலையும் சேர்த்துத் திருப்பிக்கொள்ளலாம். கார் சீட்டும் அப்படித்தான் இருக்க வேண்டும், இடுப்பு உயரத்தை ஒட்டி. இந்த ஒரு சோதனையிலேயே ஸ்விஃப்ட், பலேனோ, டியாகோ மூன்றும் எனக்கு ஒத்துவரவில்லை. நல்ல கார்கள்தான், என் இடுப்புக்கு மணை.

பட்ஜெட் ஆன்ரோடு, அதாவது வரி, பதிவு, காப்பீடு எல்லாம் சேர்த்து, ஒன்பது லட்சம். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாக இறங்கியதில் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. கடைசியில் நின்றவை நாலு: மாருதி வேகன்ஆர், டாடா பஞ்ச், சிட்ரோன் சி3, டொயோட்டாவின் பழைய எட்டியோஸ்.

ஏறி இறங்குவதில் வேகன்ஆரை அடிக்க ஆள் இல்லை. காரின் உயரம் 1675 மில்லிமீட்டர், கதவும் அதற்கேற்ற உயரம், தலையைக் குனியவே வேண்டாம். மூட்டுவலிக்கார மாமியார் யார் கையையும் பிடிக்காமல் ஏறி உட்கார்ந்து, "இதையே வாங்கு" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். பஞ்ச் 1615தான், ஆனால் தரையிலிருந்து 187 மில்லிமீட்டர் தூக்கி நிற்கிறது. அதனால் சீட்டும் மேலே. கதவு கிட்டத்தட்ட செங்கோணத்துக்குத் திறக்கும், இது சின்ன விஷயம் இல்லை. ஒரே குறை, வாசற்படி போல அகலமான ஒரு விளிம்பைத் தாண்டிக் காலை வைக்க வேண்டும். சி3 இரண்டுக்கும் நடுவில். எட்டியோஸ் செடான், அதாவது பின்னால் டிக்கி தனியாக நீண்ட தாழ்வான கார் என்பதால் கீழே. பின் சீட்டில் காலை நீட்டிப் போக அதைப் போல வசதி இந்த விலையில் கிடையாது, ஆனால் இறங்கும்போது பழைய கதைதான்.

வண்டி நகர ஆரம்பித்ததும் வரிசை மாறியது. உட்கார்ந்திருக்கும் மனிதனின் முதுகெலும்புக்கு வினாடிக்கு நாலிலிருந்து ஆறு தடவை வரும் குலுக்கல்தான் ஆகாது, உடம்பு அந்தத் தாளத்தோடு சேர்ந்து ஆடிவிடும். பெரிய பள்ளத்தில் ஒரு தடவை விழுவதைவிட, ஒட்டுப்போட்ட ரோட்டில் அரை மணி நேரம் தடதடவென்று போவது வலிப்பது அதனால்தான். வேகன்ஆர் எடை குறைந்த வண்டி. காரைக்குடிக்குள் ஐந்து விளக்கைச் சுற்றி வரும்போது சுகம். மேலூர் பக்கம் வேகம் பிடித்து மேடு பள்ளம் வந்தால் மேலும் கீழும் துள்ளும். பஞ்ச் அந்தத் துள்ளலை அமுக்கிவிடுகிறது. சி3 அதையும் மிஞ்சும். சஸ்பென்ஷன் மெத்தென்று, நம் திருவள்ளூரில் செய்கிற கார் நம் ரோட்டைத் தெரிந்து செய்தது போல இருக்கிறது. சவாரிக்கு மட்டும் மார்க் என்றால் முதல் பரிசு அதற்குத்தான்.

அப்புறம் ஏன் வாங்கவில்லை? கிளட்ச். எனக்கு வலி இடது கால் வழியாகத்தான் இறங்கும். ஒவ்வொரு மிதிக்கும் நரம்பு சுண்டும். எனவே ஆட்டோமேட்டிக் கட்டாயம். சி3-இல் அது டர்போ எஞ்சினோடுதான் வருகிறது, நல்ல ஆட்டோமேட்டிக், ஆனால் விலை என் கணக்கைத் தாண்டியது. மாருதி, டாடா அளவுக்கு அதற்கு சர்வீஸ் சென்டர்களும் இல்லை. எட்டியோஸில் இந்தியாவில் ஆட்டோமேட்டிக் வந்ததே இல்லை. 2020-இல் உற்பத்தியும் நின்றுவிட்டதால் பழையதுதான் தேட வேண்டும். இடது காலில் வலி இல்லாத, டிரைவர் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து போகிறவர்களுக்கு நல்ல எட்டியோஸ் ஒன்று கிடைத்தால் விடவே கூடாது என்பேன்.

வேகன்ஆரிலும் பஞ்ச்சிலும் இருப்பது ஏஎம்டி. சாதாரண கியர்பாக்ஸ்தான், கிளட்ச்சை நமக்குப் பதிலாக ஒரு மோட்டார் மிதிக்கும். கியர் மாறும்போது அரை நொடி தயங்கி, தலை லேசாக முன்னால் போய் வரும். அந்த நேரத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் எடுத்தால் தெரியாது, பழகிக்கொள்ளலாம். இந்த வசதி இங்கே முதலில் வந்தது 2014-இல், மாருதி செலேரியோவில். அம்பாசடர் உற்பத்தி நின்றதும் அதே வருடம்தான். வளவு வீட்டு முகப்பில் நின்ற அந்தக் காரின் சோபா போன்ற சீட்டை நினைத்தால் இப்போதும் ஏக்கமாகத்தான் இருக்கிறது, அதன் கிளட்ச்சை நினைத்தால் இல்லை.

அதிர்வு தொந்தரவு செய்கிறவர்கள் எஞ்சினையும் கேளுங்கள். பஞ்ச்சில் மூன்று சிலிண்டர், நிற்கும்போது சீட்டில் லேசான நடுக்கம் தெரியும். வேகன்ஆரின் சின்ன எஞ்சினும் மூன்றுதான், அதன் 1.2 லிட்டர் எஞ்சினில் நாலு சிலிண்டர். ஹூண்டாய் எக்ஸ்டரிலும் நாலு, அதுவும் உயரமான கார். பெரும்பாலும் ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவர்கள் அதையும் பார்க்கலாம்.

ஒரு விஷயம் என்னை ஆச்சரியப்படுத்தியது. பஞ்ச்சின் விலை கூடிய வகைக்கு 195/60 ஆர்16 டயர், கீழ் வகைகளுக்கு 185/70 ஆர்15. முதல் எண்ணில் இரண்டாவது எண் அளவு சதவீதம் கணக்குப் போட்டால் டயர் பக்கவாட்டின் உயரம் வரும். பெரிய சக்கரத்தில் 117 மில்லிமீட்டர், சின்னதில் 129.5. அந்தக் கூடுதல் 12.5 மில்லிமீட்டர் ரப்பரும் காற்றும் குலுக்கலைக் குடித்துவிட்டுத்தான் மிச்சத்தை நம் முதுகுக்கு அனுப்பும். வேகன்ஆரிலும் இதே கதை, விலை குறைந்த வகையின் 13 அங்குல டயரில்தான் பக்கவாட்டு அதிகம். பெரிய அலாய் வீலுக்குப் பணம் கட்டி முதுகைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ரொம்பக் கீழே போனால் டிரைவர் சீட்டை உயர்த்தும் வசதி இருக்காது, நடு வகையில் நின்றுகொள்ள வேண்டும்.

நான் எடுத்தது நடு வகை பஞ்ச், 15 அங்குலச் சக்கரம், ஏஎம்டி. மாமியாருக்கு வருத்தம்தான். ஊருக்குள்ளேயே ஓட்டுவதாக இருந்தால் அவர் பேச்சைக் கேட்டு வேகன்ஆரே வாங்கியிருப்பேன்.

வாங்கிய பிறகுதான் டிக்கி நினைவுக்கு வந்தது. விளிம்பு உயரம். டின்னை அதற்கு மேலே தூக்கி, உள்ளே குனிந்து இறக்க வேண்டும். டிஸ்க்காரர்கள் செய்யவே கூடாத வேலை இதுதான். எட்டியோஸின் 595 லிட்டர் டிக்கியும் ஆழம், அங்கேயும் இதே குனிதல். ஆகவே டின்களைப் பின் சீட்டில் வைக்கிறேன், கதவுதான் அகலமாகத் திறக்கிறதே. 15 கிலோ டின்னையும் நிறுத்திவிட்டு 5 கிலோவுக்கு மாறியாயிற்று. மதுரைக் கடைக்காரர் முதலில் முகம் சுளித்தார். இப்போது சீப்புச் சீடை அடியில் நொறுங்காமல் வருகிறது என்கிறார்.