துடிக்கும் இதயத் திசு கிட்: தூண்கள் அருமை, செல்கள் சுமார்

உறைநிலையில் வரும் இதயத்தசை செல்கள், திசுவைத் தாங்கும் சிலிகான் தூண் ரேக், அச்சில் பள்ளம் விடும் டெஃப்லான் ஸ்பேசர், ஜெல்லாக மாறும் ஃபைப்ரினோஜன் புரதம், அதை உறைய வைக்கும் த்ராம்பின் நொதி, ஜெல் கரையாமல் காக்கும் அப்ரோடினின். ஆய்வகத்தில் துடிக்கும் இதயத் திசுவை வார்க்க, இவை ஒரே பெட்டியில் வரும் 24 குழித் தட்டு கிட் வாங்கலாமா?

தூண் ரேக்குக்காகவே வாங்கலாம். சிலிகான் வளைந்து கொடுப்பதால் ஒவ்வொரு துடிப்பிலும் திசு ஒரு சுமையை இழுத்துப் பழகுகிறது. தூண் எவ்வளவு வளைகிறது என்பதை வீடியோவில் அளந்தே விசையைக் கணக்கிடலாம். ஆட்டோகிளேவ் செய்து (அழுத்த நீராவியில் கிருமி நீக்கி) திரும்பவும் பயன்படுத்தலாம்.

அச்சு எளிது: பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் 2% அகரோஸ் (கடற்பாசியிலிருந்து வரும் ஜெல்), குழிக்கு 1.6 மி.லி., ஸ்பேசரைச் செருகிப் பத்து நிமிடம் உறையவிட்டு உருவினால் பள்ளம் தயார். தூண்கள் இறங்கிய அந்தப் பள்ளத்தில் செல் கலவையை வார்க்கும்போதுதான் கை நடுங்கும். ஒரு திசுவுக்கு 10 லட்சம் செல்கள், மொத்தம் 100 மைக்ரோலிட்டர், ஃபைப்ரினோஜன் மி.லி.க்கு 5 மி.கி. மி.லி.க்கு 100 யூனிட் உள்ள த்ராம்பின் 3 மைக்ரோலிட்டர் கடைசியாகத்தான் போக வேண்டும், அதுவும் குழிக்கு ஒரு குழாயாக. மொத்தக் கலவையில் ஊற்றிவிட்டால் சில குழிகளுக்குள்ளேயே பிபெட் முனையில் கட்டி தட்டிவிடும். குமிழி விழுந்த இடத்தில் திசு மெலிந்து, பிறகு அங்கேயே அறும்.

37 டிகிரியில் இரண்டு மணி நேரம் கழித்து மீடியம் (செல்களுக்கான ஊட்டக் கரைசல்) சேர்த்து, ஜெல் அகரோஸிலிருந்து தளரும் வரை பொறுத்துத் தூண் ரேக்கோடு தூக்குங்கள். அவசரப்பட்டால் ஒரு முனை தூணிலிருந்து கழன்றுவிடும். ஒவ்வொரு மீடியம் மாற்றத்திலும் அப்ரோடினின் மி.லி.க்கு 33 மைக்ரோகிராம். இதை விட்டால் செல்களே ஃபைப்ரினை (உறைந்த ஜெல்லை) கரைத்துவிடும்.

பெரிய குறை, துணைச் செல்கள் இல்லாததுதான். தூய இதயத்தசை செல்களை மட்டும் வைத்து வார்த்தால் ஜெல் சரியாக இறுகாது, தனித்தனித் தீவுகளாகத் துடிக்கும். பத்து சதவீதம் இதய ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு செல்) சேர்த்துப் பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அளவு மீறினால் நடுவில் இடுப்பு விழுந்து திசு அறுந்துபோகும், துடிப்பும் தாறுமாறாகும். ஸ்டெம் செல் வளர்க்கத் தெரிந்த ஆய்வகம் என்றால் ஸ்டெம் செல்லிலிருந்து இதயத்தசை செல்களை நீங்களே உருவாக்கிக்கொள்வதே மேல்: முதல் நாள் விண்ட் என்ற செல் சமிக்ஞையைத் தூண்டும் சிஎச்ஐஆர், மூன்று நாள் கழித்து விண்ட் தடுப்பான், ஏழாம் நாள்வரை இன்சுலின் இல்லாத பி27 ஊட்டக் கலவை. வார்ப்பதற்கு முன் ட்ரோபோனின்-டி என்ற இதயத்தசைப் புரதத்துக்குச் சாயமிட்டு, செல்களை ஒவ்வொன்றாக எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் தூய்மையைப் பார்த்துவிடுங்கள்.

ஒரு வாரத்தை ஒட்டித் திசு முழுதும் ஒன்றாகத் துடிக்கத் தொடங்கும், ஆனால் கருநிலைத் தசை போலத்தான். முதிர வைக்க மின்தூண்டல் வேண்டும். அதற்கான மின்முனை பெட்டியில் இல்லை. தனியாக வாங்கும்போது கார்பனாகக் கேளுங்கள், சாதாரண உலோகம் மீடியத்தில் அரித்து செல்களைக் கொல்லும்.