பழைய ரீடு டெஸ்டர் மூணு, ஒரு வருஷம் வச்சுப் பாத்ததுல எது தேறுச்சு

கிளாரினெட், சாக்ஸோட மவுத்பீஸ்ல, அதாவது ஊதுற முனையில, மாட்டுற நாணல்ல சீவின சின்னப் பட்டைதான் ரீடு. ஒரு பாக்ஸ்ல பத்து ரீடு, பத்துலயும் பலத்துக்கான நம்பர் 3ன்னுதான் போட்டிருக்கும், ஆனா மவுத்பீஸ்ல மாட்டி ஊதினா ஒண்ணு தொளதொளன்னு இருக்கும், இன்னொண்ணு நெஞ்சு வலிக்க ஊதினாலும் சத்தம் வராது, கச்சேரிக்கு எடுத்துட்டுப் போற மாதிரி மூணு நாலு தேறினா அந்த பாக்ஸ் நல்ல பாக்ஸ். கிளாரினெட், சாக்ஸ் வாசிக்கிற எல்லாருக்கும் இந்தக் கஷ்டம் தெரியும். ஒரு பாக்ஸ் மூவாயிரத்தைத் தொடுற காலத்துல ஆறு ரீட தூக்கி ஓரமா போடறதுக்கு மனசு வராது. எனக்கு அதுக்கு மேல வீட்ல வந்து கத்துக்கிற பசங்க பன்னெண்டு பேர், அதுல பாதிப் பேர் வீட்ல ரீடு செலவுக்கே யோசிக்கிறவங்க. அதனாலதான் ரீடோட பலத்த அளக்குற பழைய சாமானுங்க மேல எனக்கு இவ்ளோ ஆர்வம்.

போன வருஷம் பெரம்பூர்ல ஒரு ஆங்கிலோ இந்தியன் ஆன்ட்டி வீட்டைக் காலி பண்றாங்கன்னு சொல்லி ஒரு ஃப்ரெண்டு கூட்டிட்டுப் போனாரு. அங்கிள் ரயில்வேல வேலை பாத்துட்டு சாயங்காலம் டான்ஸ் பேண்டுல சாக்ஸும் கிளாரினெட்டும் வாசிச்சவரு, இறந்து ரொம்ப வருஷம் ஆச்சு, ஆன்ட்டி இப்ப பொண்ணு கூட ஆஸ்திரேலியா போறாங்க. சாக்ஸெல்லாம் முன்னாடியே வித்துட்டாங்க, ஒரு மரப்பெட்டி மட்டும் மீதி. "எடைக்குப் போட்டுடலாம்னு வச்சிருந்தேன் தம்பி, உனக்கு உபயோகம்னா எடுத்துக்க, அவரு இத யாரையும் தொட விடமாட்டாரு"ன்னாங்க. திறந்தா உள்ள மூணு டெஸ்டர், ரீடு நுனி வெட்டுற ஒரு டிரிம்மர், ஒரு தகர டப்பா நிறைய ரீடு. நாலாயிரத்தி ஐநூறு குடுத்தேன். அவங்க கேட்டது அதைவிடக் கம்மி, எனக்குத்தான் மனசு கேக்கல.

மூணுமே ரீடத்தான் அளக்குது, ஆனா மூணும் ஒரே விஷயத்த அளக்கல, இது புரியவே எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு.

முதல்ல பேனா சைஸ்ல இருக்கற ஸ்ப்ரிங் டெஸ்டர். ரீடு நுனிகிட்ட வச்சு அமுக்கணும், அமுக்குற அளவ பொறுத்து பக்கத்துல கோடு தெரியும். பாக்க அழகு, பாக்கெட்ல போட்டுக்கலாம், ஆனா வாங்காதீங்க. ஒரே ரீட மூணு தடவ அமுக்கினா மூணு நம்பர் காட்டுது. பழைய பேப்பர் கடை ஸ்ப்ரிங் தராசு மாதிரிதான், ஸ்ப்ரிங்குன்னா வருஷக்கணக்குல தளந்து போகும், அதுவும் இந்த ஊர் உப்புக்காத்துல உள்ள துருப்பிடிச்சா எங்க மாட்டிக்கும்னே தெரியாது. கை எந்தக் கோணத்துல இருக்குங்கறதும் மாறிட்டே இருக்கும். ஆன்லைன்ல வெளிநாட்டு ஆளுங்க இதே மாதிரி சாமானுக்கு விண்டேஜ்னு பேர் போட்டு பெரிய விலை சொல்றாங்க, ஷிப்பிங்கும் கஸ்டம்ஸும் சேத்தா அந்தக் காசுல நாலு பாக்ஸ் ரீடே வாங்கிடலாம்.

ரெண்டாவது டயல் கேஜ். வழவழன்னு ஒரு தட்டு, மேல கடிகாரம் மாதிரி டயல், ஒரு சின்னக் கோடுன்னா 0.01 மில்லிமீட்டர். லேத் பட்டறையில வேலை பாக்குறவங்களுக்கு நல்லா தெரிஞ்ச சாமான், மிட்டுட்டோயோன்னு கம்பெனி பேர சொன்னா உடனே புரிஞ்சுப்பாங்க, அதையே ரீடுக்குத் தோதா ஒரு மேடையில மாட்டியிருக்காங்க. எனக்கு வந்தப்போ முள்ளு நகரவே இல்ல, உள்ள எண்ணெய் காஞ்சு கோந்தாயிருந்துச்சு. கிண்டி எஸ்டேட்ல கேஜ் ரிப்பேர் பண்ற ஒருத்தர்கிட்ட குடுத்தேன், அறுநூறு ரூபா, மூணு நாள், கழுவித் துடைச்சு சுத்தமா ஓடற மாதிரி குடுத்துட்டாரு. பாரிஸ் கார்னர் பக்கம் போய் ஒரு ஃபீலர் கேஜ் செட், அதாவது தடிமன் குறிச்ச மெல்லிசு தகடுங்க, வாங்கிட்டு வந்து 0.10, 0.20 தகடெல்லாம் கீழ வச்சுப் பாத்தேன், டயல் சரியாவே காட்டுது.

ஆனா இது அளக்குறது தடிமன், பலம் இல்ல. இங்கதான் நிறைய பேர் குழம்பிக்கிறாங்க. 2 நம்பர் ரீடு மெலிசு, 4 நம்பர் தடிமன்னு நானும் ரொம்ப நாள் நெனச்சிட்டிருந்தேன். அப்படி இல்ல. ஒரு மாடல்ல எல்லா ரீடையும் ஒரே அளவுலதான் மிஷின் சீவுது, சீவி முடிச்சப்புறம் ஒவ்வொண்ணையும் வளைச்சுப் பாத்து எவ்ளோ எதிர்க்குதோ அத வச்சுதான் 2, 2½, 3ன்னு பிரிச்சு பாக்ஸ்ல போடறாங்க. வித்தியாசம் ரீடு சீவுற அந்தத் தட்டையில, அதாவது நாணல் தண்டுல இருக்கு. அருண்டோ டோனாக்ஸ்ங்கற நாணல் வகை, பிரான்சோட தெற்குல இருக்கற வார் பகுதியில விளையறதுதான் ரொம்ப காலமா பேர் வாங்கினது, ஒரே தோட்டத்துல வெட்டினாலும் ஒரு தட்டைக்கும் இன்னொரு தட்டைக்கும் நார் ஒரே மாதிரி இருக்காது. அதனால தடிமன் ரெண்டும் கரெக்டா ஒண்ணா இருந்தாலும் ஒண்ணு விறைப்பா இருக்கும் ஒண்ணு இளகலா இருக்கும்.

அப்ப டயல் கேஜ் எதுக்குன்னு கேட்டா, இடது வலது பாக்க. ரீடு நுனி சுமாரா 0.10 மில்லிமீட்டர்தான். இடது பக்கம் 0.10, வலது பக்கம் 0.11ன்னு இருந்தா ஒரே ஒரு கோடுதானேன்னு தோணும், ஆனா அது 10% அதிகம், வளையாம நிக்கிற பலம் தடிமன x தடிமன x தடிமன்னு பெருக்குற கணக்குல போறதால அந்தப் பக்கம் கிட்டத்தட்ட 33% விறைப்பு கூடிடும். கீச்னு பிசிறு வர்ற ரீடு நிறையது இந்தக் கேஸ்தான். விறைப்பான பக்கத்துல 600 நம்பர் உப்புத்தாள்ல ரெண்டே இழுப்பு, திரும்ப அளந்து பாத்து, திரும்ப ஊதிப் பாத்து, இப்படி நான் குப்பைன்னு ஒதுக்கி வச்சிருந்த ரீடுல பத்துப் பதினஞ்ச மீட்டிருக்கேன். பழசா நல்ல டயல் கேஜ் கிடைச்சா யோசிக்காம வாங்குங்க.

இப்ப மூணாவது, நான் இவ்ளோ நீளமா எழுதறதே இதுக்காகத்தான். வார்ப்பிரும்பு அடி, பித்தளைப் பிடி, ஒரு நீளக் கை, அதுல மாட்ட படிக்கல்லு, கையோட கோடியில வளைவா ஒரு ஸ்கேல், 0லேந்து 30 வரைக்கும். கம்பெனி பேர் பொறிச்சிருந்த இடம் தேஞ்சு போச்சு, எந்த நாட்டு சாமான்னுகூட கண்டுபிடிக்க முடியல. ரீட தட்டைப்பக்கம் கீழ இருக்கற மாதிரி மேடையில வச்சு அடிப்பக்கத்த இறுக்கணும், நுனி மேடைக்கு வெளிய நீட்டிட்டிருக்கும், அது மேல ஒரு சின்னக் குமிழ் உக்காரும், கல்ல விட்டா நுனி கீழ வளையும், அந்த வளைவ முள்ளு பெருசா காட்டும். நாம உதட்டால அமுக்குறப்போ ரீடு மவுத்பீஸ் பக்கமாதான வளையுது, இதுவும் அதே பக்கமா வளைக்குது, யாரோ வாசிக்கிற ஆளு பக்கத்துல உக்காந்துதான் இத டிசைன் பண்ணியிருக்கணும். முள்ளு அதிகமா போனா இளகல், கம்மியா போனா விறைப்பு, ஆரம்பத்துல இது தலைகீழா தோணும், ஒரு வாரத்துல பழகிடும்.

இதுல ஸ்ப்ரிங்கே கிடையாது. நகைக்கடை பழைய தராசு எப்படி தாத்தா காலத்துலேந்து அப்படியே நிக்குதோ அதே மாதிரி. கல்லோட எடை மாறப்போறதில்ல, பூமி இழுக்குறதும் மாறப்போறதில்ல, கெட்டுப் போகணும்னா அந்த அச்சு ஒண்ணுதான், அதுக்கு தையல் மிஷின் ஆயில் ஒரு சொட்டு, மீதிய சுத்தமா துடைச்சிடணும். ஆயில் ஜாஸ்தியானா தூசி ஒட்டி முள்ளு தயங்கும்.

இது எவ்ளோ நம்பகமா நிக்குதுன்னு எப்படி தெரியும்னு கேப்பீங்க. அந்தத் தகர டப்பால இருந்த ஆல்டோ சாக்ஸ் ரீடுங்க சிலதுல முதுகுல பென்சில்ல நம்பர் எழுதியிருந்துச்சு, 14, 17, 16ன்னு. முதல்ல என்னன்னு புரியல. ஒரு நாள் ராத்திரி சும்மா வாசிக்காத ஒரு ரீட எடுத்து, 16ன்னு எழுதினது, சாக்ஸுக்கான பெரிய கல்ல மாட்டி வச்சுப் பாத்தேன். முள்ளு 16லயே வந்து நின்னுச்சு. அடுத்தது 14ன்னு எழுதினது, அது 14க்கும் 15க்கும் நடுவுல. அங்கிள் தன் கையால அளந்து எழுதி வச்சுட்டுப் போனது, இத்தனை வருஷம் கழிச்சு அதே சாமான் அதே நம்பர சொல்லுது. எனக்கு அன்னைக்குத் தூக்கமே வரல, காலையில முதல் வேலையா ஆன்ட்டிக்கு போன் போட்டு சொன்னேன், அவங்க கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல.

சின்னக் கல்லு, அதாவது கிளாரினெட்டுக்கானது, பெட்டியில இல்ல. அம்பத்தூர்ல ஒரு லேத் பட்டறையில பித்தளையில கடைஞ்சு வாங்கினேன். ஒரிஜினல் எடை என்னன்னு தெரியாம எப்படின்னா, அது தேவையே இல்ல, ஏன்னா இது ஒண்ணோட ஒண்ண ஒப்பிடத்தான், உலகத்துக்கே பொதுவான நம்பர் ஒண்ணும் இது குடுக்கப் போறதில்ல. என்கிட்ட லெஜேர் கம்பெனி பிளாஸ்டிக் ரீடு ஒண்ணு இருக்கு, அத வச்சா முள்ளு நட்ட நடுவுல 15ல நிக்கிற மாதிரி கல்ல கொஞ்சம் கொஞ்சமா கடைஞ்சு குறைச்சோம். அந்த பிளாஸ்டிக் ரீடுதான் இப்ப எனக்கு முத்திரைப்படி மாதிரி, ஒவ்வொரு தடவையும் முதல்ல அத வச்சுப் பாத்துட்டுதான் மத்தத தொடுவேன். ஈரத்துக்கு அது மாறாது. மே மாச மதியம் ஏசி இல்லாம அளந்தா சூட்டுல அதுவும் லேசா இளகி ஒரு கோடு கூட காட்டுது, அதனால நான் எப்பவும் காலையிலதான் அளக்குறது.

ஈரத்த சொல்லியே ஆகணும், மெட்ராஸ்ல இருந்துட்டு அத விட்டா மொத்தமும் வேஸ்ட். தட்டை காத்துல இருக்கற ஈரத்த இழுத்துக்கும், இழுத்தா இளகும். ஐப்பசி மழையில திறந்த பாக்ஸ்ல அளந்த ரீடும் ஏசி ரூம்ல ரெண்டு நாள் இருந்த ரீடும் ஒரே நம்பர் காட்டாது, எனக்கு ரெண்டு மூணு கோடு வரைக்கும் தள்ளிப் போயிருக்கு. அதனால எல்லா ரீடையும் ஒரே டப்பால மூடி ஒரு ராத்திரி வச்சு, மறுநாள் காலையில ஒரே மூச்சுல அளந்துடணும், எச்சில் பட்ட ரீட காயாம அளக்கவே கூடாது. தேதி போட்டு நோட்டுல எழுதணும்.

இப்படி ஒரு வருஷம் அளந்ததுல எனக்கு கர்னாடக சங்கீதம் வாசிக்கிற கிளாரினெட்டுக்கு 15லேந்து 17 வரைக்கும்தான் ஒத்து வருது, சுரத்த அசைக்கிற கமகத்துக்கு ரீடு கூடவே வளையணும், அதே நேரம் மேல் ஸ்தாயி பஞ்சமத்துல படுத்துடக் கூடாது. 20க்கு மேல போறது சின்னப் பசங்களுக்கு. 12க்குக் கீழ நிக்கிறது உப்புத்தாளுக்குப் போகும், ரொம்ப தொளதொளன்னு இருக்கறது டிரிம்மருக்கு, நுனியில மயிரிழை வெட்டினா விறைப்பு ஏறும். ஒரே 3 நம்பர் பாக்ஸ்ல 13ம் பாத்திருக்கேன், 19ம் பாத்திருக்கேன். கம்பெனி மாறினா இன்னும் மோசம், ரிக்கோ 3 வாண்டோரன் 3 அளவுக்கு விறைப்பா இருக்காது, வாண்டோரன் 2½ பக்கம்தான் வரும், லா வோஸ்ல நம்பரே கிடையாது, சாஃப்ட் மீடியம் ஹார்டுதான். கம்பெனி மாத்துறப்போ இந்த முள்ளு இருந்தா குருட்டாம்போக்குல காசு விட வேண்டியதில்ல.

குறை இருக்கு. நடுவுல மட்டும்தான் அளக்குது, ஓரம் சரியில்லாட்டி சொல்லாது, அதுக்கு டயல் கேஜ் வேணும். 16 காட்டுற ரெண்டு ரீடுல ஒண்ணு பாடும், ஒண்ணு வெறும் சத்தம் போடும், அத எந்த முள்ளும் சொல்லாது. பாரிடோன் சாக்ஸ் ரீடுக்குப் பிடி அகலம் பத்தல. அப்புறம் நுனி ரொம்ப நேரம் கல்லுக்கடியில இருந்தா வளைஞ்ச மாதிரியே நின்னுடும், அஞ்சு எண்ணுறதுக்குள்ள படிச்சுட்டு எடுத்துடணும்.

எங்க தெருக் கோயில்ல நாகசுரம் வாசிக்கிறவர் ஒரு நாள் வீட்டுக்கு வந்தப்போ இதப் பாத்துட்டு தன் சீவாளிய, அதாவது நாகசுரத்தோட ரீட, வச்சுப் பாக்கலாமான்னாரு. திருவாவடுதுறையில வாங்கினது. முடியல, சீவாளி ரெண்டு இதழ், உருண்டை அடி, இந்த மேடையில உக்காராது. "பரவாயில்ல தம்பி, எனக்கு இது போதும்"னு கட்டை விரலக் காட்டினாரு. சரின்னு என் கிளாரினெட் ரீடு ஆறு எடுத்து நம்பர் தெரியாம கலைச்சுக் குடுத்தேன். ஒவ்வொண்ணா நுனிய கட்டை விரலால மெல்ல நெருடிப் பாத்து விறைப்பு வரிசையில அடுக்கினாரு. முள்ளுல பாத்தா நாலு சரியான இடத்துல, பக்கத்துப் பக்கத்து ரெண்டு மட்டும் இடம் மாறியிருந்துச்சு, அதுக்கு நடுவுலயும் ஒரே கோடுதான் வித்தியாசம். சின்ன வயசுலேந்து சீவாளி பாத்த விரல் அது. அந்த விரல் இருக்கறவங்களுக்கு இந்த சாமான் வேண்டாம். எனக்கு அந்த விரல் இன்னும் வரல, என்கிட்ட வர்ற ஆறாங்கிளாஸ் பையனுக்கு கண்டிப்பா வரல, அவனுக்கு முள்ளுதான் காட்டுது, இப்ப அவனே அளந்து நோட்டுல எழுதுறான்.

வாங்கணும்னு பாக்குறவங்க கல்லு வச்சது கிடைச்சா நாலாயிரம் அஞ்சாயிரம் வரைக்கும் தாராளமா குடுக்கலாம், கை ஆடாம இருக்கான்னும், விட்டா முள்ளு 0க்கே திரும்புதான்னும் நேர்ல பாத்துடுங்க, ஃபோட்டோவ நம்பி அனுப்பச் சொன்னா வழியில கை வளைஞ்சு வரும், வேற ஒரு டெஸ்டர் எனக்கு அப்படித்தான் வந்துச்சு, வித்தவர் பதிலே போடல. மார்கழிக்கு முன்னாடி ரெண்டு பாக்ஸ் பிரிச்சு அளக்கணும், கொளத்தூர் பக்கம் இருக்கற நம்ம கிளாரினெட் சாக்ஸ் ஆளுங்க கார்த்திகை கடைசி ஞாயித்துக்கெழம காலையில ரீட எடுத்துட்டு வாங்க, முந்தின நாள் ராத்திரியே டப்பால போட்டு மூடி வச்சுட்டு வாங்க.