கடைக்கால் தோண்டும் முன் மூன்று மாதம்: எங்கள் பில்டரைப் பற்றி

எங்கள் தேவைக்கென்றே பிளான் போட்டு வீடு கட்ட ஒரு பில்டரைப் பிடித்தோம், இப்போது லிண்டல் மட்டம், அதாவது கதவு ஜன்னலுக்கு மேல் வரும் விட்டம் வரை வந்திருக்கிறது. முழுசாக முடிந்த பிறகு எழுதலாம் என்றுதான் இருந்தேன், ஆனால் வேலை தொடங்கும் முன் அவர்கள் எங்களோடு உட்கார்ந்த அந்த மூன்று மாதத்தைத் தனியாகவே சொல்ல வேண்டும்.

முதல் நாள் பிளானே காட்டவில்லை. காலையில் யார் எப்போது குளிப்பீர்கள், துணியை எங்கே காயப்போடுவீர்கள், வீட்டில் வயதானவர் யார் என்று கேட்டுக்கொண்டே போனார்கள். எனக்கு எரிச்சலாகவே வந்தது. அப்பாவுக்கு முட்டி வலி என்றதும், அவர் அறை கீழ்த்தளத்தில், அவர் பாத்ரூம் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும்படி இருக்கட்டும் என்றார் இன்ஜினியர். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளுமாம். அதற்குப் பிறகு எந்தக் கேள்விக்கும் நான் அலுத்துக்கொள்ளவில்லை.

பிளான் ஓரளவு முடிவானதும் மனையில் நூல் கட்டி, சுண்ணாம்புப் பொடியால் ஒவ்வொரு அறையையும் தரையில் போட்டுக் காட்டினார்கள். வெட்டவெளியில் பார்த்தால் எல்லா அறையும் சின்னதாகத்தான் தெரியும், பயப்படாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அங்கே கட்டில் அளவுக்கு நாலு செங்கல்லை வைத்துப் பார்த்தபோதுதான் அலமாரிக் கதவு பாதிக்கு மேல் திறக்காது என்பது தெரிந்தது, அந்தச் சுவரை ஒரு அடி தள்ளிப் போட்டோம், அன்றைக்கு அதற்கு ஆன செலவு ஒரு பிடி சுண்ணாம்பு.

மண் பரிசோதனை அறிக்கை வராமல் ஃபுட்டிங் (அஸ்திவாரத்தின் அடிப்பாகம்) டிசைனைத் தொடவே இல்லை. அதுவும் நல்லது.

அக்ரிமெண்ட்டோடு கொடுத்த ஸ்பெசிஃபிகேஷனில் (எந்தப் பொருள், என்ன தரம் என்ற பட்டியல்) 'நல்ல தரமான', 'அதற்கு இணையான' மாதிரி வார்த்தைகள் இருந்த இடங்களையெல்லாம் நாங்கள் அடிக்கோடிட்டுக் கொடுத்தோம். முகம் சுளிக்காமல் கம்பி என்ன பிராண்ட், கான்கிரீட் எம்20 என்ற வலிமைத் தரம், அதே கான்கிரீட்டில் வார்த்த கட்டியை 28 நாள் கழித்து நசுக்கிப் பார்க்கும் கியூப் டெஸ்ட் முடிவைக் கையில் தர வேண்டும் என்று மாற்றி எழுதிக் கொடுத்தார்கள். பணமும் அப்படித்தான், பேஸ்மட்டம், லிண்டல், ரூஃப், பூச்சு என்று அந்தந்த வேலை முடிந்தால்தான் அடுத்த தவணை. நடுவில் எதை மாற்றினாலும் எவ்வளவு கூடும், எத்தனை நாள் தள்ளிப்போகும் என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும், மேஸ்திரியிடம் வாயால் சொன்னது செல்லாது.

குறை இல்லாமல் இல்லை. டைல்ஸுக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று அவர்கள் போட்டிருந்த தொகைக்கு, கடையில் ஏறி இறங்கிப் பார்த்ததில் எங்களுக்குப் பிடித்தது எதுவுமே கிடைக்கவில்லை. மிச்சம் எங்கள் தலையில். கையெழுத்துப் போடும் முன்பே டைல்ஸ், பாத்ரூம் சாமான், கதவு இவற்றுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பார்த்து, கடைக்கு ஒருமுறை நேரில் போய் வந்துவிடுங்கள். அப்புறம் சுற்றுச்சுவர், தண்ணீர்த் தொட்டி, கேட் எல்லாம் அந்தச் சதுர அடி ரேட்டுக்குள் வருகிறதா என்பதையும் எழுதி வாங்குங்கள், எங்கள் ரேட்டில் கேட் இல்லை, கேட்டபோதுதான் சொன்னார்கள்.

இன்னொன்றுதான் எனக்கு உண்மையிலேயே கோபம். எலக்ட்ரிக்கல் டிராயிங் நேற்றுதான் கைக்கு வந்தது. ரூஃப் கான்கிரீட் போடும் முன்பே ஃபேனுக்கும் லைட்டுக்கும் ஒயர் போகும் பைப்பை உள்ளே பதிக்க வேண்டும், போட்ட பிறகு கொத்தினால் அது ஒட்டுவேலைதான். பிளானோடு சேர்த்தே அவர்கள் கொடுத்திருக்க வேண்டியது இது. அடுத்த வாரம் ரூஃபுக்கு சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகையும் முட்டும்) அடிக்கிறார்கள், அதற்குள் ஒவ்வொரு பாயிண்டும் கட்டில், மேஜை இருக்கும் இடத்தோடு பொருந்துகிறதா என்று இன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து பார்க்கப்போகிறோம்.