உட்கார்ந்தால் 97, நடந்தால்? ஆக்சிமீட்டர் அனுபவம்

கொரோனா இரண்டாவது அலையில் அடித்துப்பிடித்து வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் எங்கள் வீட்டில் இன்னும் வேலை செய்கிறது. விலை நன்றாக இறங்கியிருக்கிறதே, இதையே வாங்கலாமா என்று நண்பர் கேட்டதால் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு ஐஎல்டி, அதாவது நுரையீரல் திசு வீங்கியோ தழும்பேறியோ விறைத்துப்போகும் நோய். உட்கார்ந்திருக்கும்போது ரத்தத்தில் ஆக்சிஜன் 96, 97 சதவீதம் என்று காட்டும். அதை மட்டும் பார்த்தால் நோயே இல்லை என்று தோன்றும். ஆறு நிமிடம் நடக்கவிட்டால்தான் விஷயம் வெளியே வரும். நுரையீரல் நன்றாக இருந்தால் சாதாரண நடையில் நாடித்துடிப்புதான் ஏறும், ஆக்சிஜன் பெரிதாக அசையாது. அம்மாவுக்கு 91 வரை இறங்குகிறது. மூன்று, நான்கு புள்ளி இறங்கினாலே டாக்டரிடம் சொல்ல வேண்டும். வீட்டு வராந்தாவிலேயே இது தெரிவது பெரிய விஷயம். கொடுத்த காசு இதற்கே சரியாகிவிட்டது.

ஆனால் விரலை வைத்ததுமே பெரிய எழுத்தில் ஒரு எண்ணைக் காட்டிவிடுகிறதே, அதுதான் எனக்கு ஆத்திரம். சிவப்பு, அகச்சிவப்பு ஒளிகளை விரலுக்குள் செலுத்தி, சில நொடித் துடிப்புகளின் சராசரியைத்தான் இது கணக்கிடுகிறது. கை ஆடினாலும், விரல் சில்லிட்டிருந்தாலும், நகப்பூச்சு இருந்தாலும் கணக்கு கெடும். ஒருமுறை கையை வீசி நடந்த அம்மாவுக்கு 84 காட்டியது. வீடே கதிகலங்கிவிட்டது. அதே திரையில் நாடி 58! மூச்சு வாங்க நடப்பவருக்கு 58 எப்படி வரும்? நாடி பொய்யென்றால் பக்கத்து எண்ணும் பொய்தான். துடிப்பு சரியாகப் பதிகிறதா என்று சொல்ல வேண்டிய, நாடியோடு ஏறி இறங்கும் பட்டையோ திரையின் ஓரத்தில் கண்ணுக்கே தெரியாத அளவில் இருக்கிறது. இப்போது கையை நெஞ்சோடு அணைத்தபடி நடக்கச் சொல்கிறோம், நின்றதுமே பார்த்துவிடுகிறோம். தாமதித்தால் அளவு மறுபடி ஏறிவிடும்.

அப்புறம், கறுத்த தோலில் இந்தக் கருவிகள் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2021இலேயே இதை எச்சரித்தது. 90 என்று காட்டினால் உண்மையில் 86 முதல் 94 வரை இருக்கலாம் என்றும் சொன்னது. நாங்கள் வாங்கிய பெட்டியில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எண் நன்றாக இருக்கிறதே என்று மூச்சுத்திணறலை விட்டுவிடாதீர்கள்.

நண்பருக்கு என் பதில்: இந்த மாடல் வேண்டாம். துடிப்பின் அலை பெரிதாக ஓடும் திரையுள்ளதை வாங்குங்கள். நாங்கள் மட்டும் இதை மாற்றப்போவதில்லை. அம்மாவின் பழைய அளவுகள் எல்லாம் இதில் எடுத்தவை, ஒப்பிட இதுவேதான் வேண்டும்.